அலி கோலாலம்பூரோடு நின்றிருந்தால்...

என் தம்பிக்குப் பதினேழு வயது. படிவம் ஐந்து. எஸ்பிஎம் அட்டவணை ஒட்டியிருக்க வேண்டிய அவனுடைய அறைக் கதவில் முகமது அலியின் படம்தான் ஒட்டியிருக்கிறது. படத்துக்குக் கீழே மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதியிருக்கிறான்: "கடைசிவரை விடாதே."

படத்தைக் கொடுத்தது தாத்தா. 1975இல் அவர் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பினாங்குப் பாலம் கட்டப்படாத காலம். அலி கோலாலம்பூருக்கு வந்திருக்கிறார் என்று துறைமுகமே பேசியதாம். போய்ப் பார்க்கப் பணமில்லை. நாளிதழில் வந்த படத்தை வெட்டி, பழைய பிஸ்கட் டின்னுக்குள் வைத்துக்கொண்டார். ஐம்பது ஆண்டுகள் கழித்து அது தம்பியின் கதவுக்கு வந்துவிட்டது.

அந்தக் கதவைப் பற்றித்தான் இன்று எழுத வந்தேன். ஆனால் அதற்கு முன் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

தம்பி குத்துச்சண்டை பழகத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. சனிக்கிழமை காலை ஃபெரி பிடித்து பட்டர்வொர்த் போவான். அங்கிருந்து ஒரு நண்பனின் மோட்டாரில் பயிற்சிக்கூடம். இவ்வாண்டு மார்ச்சில் ஒரு நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்து படுத்துவிட்டான். விளக்கைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டான். தன்னைவிட எடை அதிகமான ஒருவனுடன் பயிற்சிச் சண்டை போட்டிருக்கிறான். காதுக்கு மேலே பலமாக ஒரு குத்து. சில நொடிகள் எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லையாம். அதற்குப் பிறகும் இரண்டு சுற்று போட்டிருக்கிறான்.

"அக்கா, அம்மாகிட்ட சொல்லிடாத. அடுத்த மாசம் போட்டி இருக்கு. ப்ளீஸ்க்கா."

நான் சொல்லவில்லை. பாசம் என்று அப்போது அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். நான்காம் நாள் வகுப்பறையிலேயே வாந்தி எடுத்தான். பள்ளியிலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. பரிசோதித்த மருத்துவர், மூளை குலுங்கியதால் ஏற்பட்ட பாதிப்பு என்றார். ஆங்கிலத்தில் கன்கஷன் என்பார்கள். இது முழுமையாக ஆறுவதற்குள் தலையில் இன்னொரு குத்து விழுந்திருந்தால் நிலைமை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றும் சொன்னார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்னமும் எனக்குப் புரியவில்லை.

தம்பி ஓய்வில் இருந்த வாரங்களில்தான் நான் அலியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கதவில் இருக்கும் அந்த மனிதர் உண்மையில் என்னதான் செய்தார் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

அவரது வாழ்க்கையின் முதல் பாதி எல்லாருக்கும் தெரிந்ததே. கென்டக்கியின் லூயிவில் நகரில் 1942இல் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். 22 வயதில் சோனி லிஸ்டனைத் தோற்கடித்து உலக வெற்றியாளர். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967இல் பட்டம் பறிக்கப்பட்டது. ஒரு வீரனின் உச்ச வயதில் மூன்றரை ஆண்டுகள் வளையத்துக்கு வெளியே. திரும்பி வந்து, 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை வீழ்த்தி மீண்டும் பட்டம். "கடைசிவரை விடாதே" என்று எழுதத் தகுதியான வாழ்க்கைதான். இதில் எனக்கும் தம்பிக்கும் சண்டையில்லை.

என்னை நிறுத்தியது 1975 ஜூலை 1. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். 1957இல் துங்கு அவர்கள் விடுதலையை முழங்கிய அதே திடல். எதிராளி ஜோ பக்னர், ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் வளர்ந்தவர். அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்கு ஏற்றவாறு நம் நாட்டுக் காலை வெயிலில் நடந்த சண்டை. பதினைந்து சுற்றும் முடிந்து, நடுவர்கள் ஒருமனதாக அலிக்கே வெற்றி என்றார்கள். சுவாரசியமான சண்டை இல்லை என்கிறார்கள் பார்த்தவர்கள். தாத்தா மட்டும் இதை ஏற்கமாட்டார். (அவர் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.)

ஆனால் சண்டைக்கு முன்பு கோலாலம்பூரில் செய்தியாளர்களிடம் அலி சொன்ன ஒன்றைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதுதான் என் கடைசிச் சண்டை, ஓய்வு பெறப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அப்போது வயது 33.

அது அவருடைய 50ஆவது தொழில்முறைச் சண்டை. 48 வெற்றி, 2 தோல்வி. உலகப் பட்டம் கையில். நம் நாட்டு மண்ணில் நின்றுகொண்டு ஒருவர் "போதும்" என்று சொல்லியிருக்கிறார்!

சொன்னார், நிற்கவில்லை. மூன்றே மாதத்தில், அக்டோபர் 1, மணிலாவில் ஜோ ஃபிரேசியருடன் மோதினார். வரலாற்றின் மிகச் சிறந்த சண்டைகளில் ஒன்று என்று இன்றும் கொண்டாடப்படுவது. அந்தக் காணொலியை முழுவதுமாகப் பார்த்தேன். தம்பியும் பக்கத்தில் இருந்தான். பத்தாம் சுற்றுக்குப் பிறகு அது எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை. பதினான்காம் சுற்று முடிந்தபோது ஃபிரேசியரின் கண் வீங்கி மூடிவிட்டது. அவருக்கு எதிராளியின் குத்து வருவதே தெரியவில்லை. அவரோ எழுந்து போகத் துடிக்கிறார். அவரது பயிற்றுநர் எடி ஃபட்ச், போதும் என்று அவரை உட்கார வைத்துவிட்டார். ஒரு சுற்றுதான் மிச்சம். எதிர் மூலையில் அலியும் எழுந்து நிற்க முடியாத நிலையில்தான் இருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

ஃபிரேசியருக்கு ஃபட்ச் மீது அப்போது எவ்வளவு கோபம் வந்திருக்கும்! கோலாலம்பூரும் மணிலாவும் சேர்ந்து எனக்குச் சொன்னது இதுதான்: எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்யக் கடைசி ஆள் அந்த வீரன்தான். அவனுக்குப் பயிற்சியே நிறுத்தாமல் இருப்பதற்குத்தான் கொடுக்கப்படுகிறது. ஆகவே அந்த முடிவை எடுக்க வேறொருவர் மூலையில் இருக்க வேண்டும். நம் சினிமாவில் துண்டு போடுவது பேருந்தில் இடம் பிடிக்க. குத்துச்சண்டையில் மூலையிலிருந்து துண்டை வீசினால் "என் ஆளை விட்டுவிடுங்கள், நாங்கள் தோற்றதாகவே இருக்கட்டும்" என்று பொருள்.

அலியின் மூலையில் என்ன நடந்தது? அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ. 1977இல் எர்னி ஷேவர்ஸுடன் நடந்த சண்டைக்குப் பிறகு, அலியின் சிறுநீரகங்கள் கெட்டுவருவதைக் காட்டும் பரிசோதனை அறிக்கையைச் சுற்றியிருந்தவர்களுக்கு அனுப்பி, நிறுத்தச் சொன்னார். பதில் வரவில்லை. அவர் விலகிக்கொண்டார். மற்றவர்கள் இருந்தார்கள். அலியை நம்பிப் பல குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அவர் நின்றால் எல்லாருடைய சம்பளமும் நிற்கும். "உனக்கு இன்னும் வேகம் இருக்கிறது தலைவா" என்று சொல்வதற்கு ஆள் குறைவில்லை. இது அமெரிக்காவுக்கு மட்டுமே உரிய நோய் என்று நான் நினைக்கவில்லை.

1978இல் லியோன் ஸ்பிங்ஸிடம் தோற்று, அதே ஆண்டு அவரையே வென்று மூன்றாம் முறை பட்டம் பிடித்தார். 1979இல் மீண்டும் ஓய்வு அறிவித்தார். 1980 தொடக்கத்தில் சென்னைக்கே வந்தார். நேரு விளையாட்டரங்கில் பழைய நண்பர் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை. முதல்வராக இருந்த எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். வடசென்னைக்காரர்களுக்குக் குத்துச்சண்டை என்றால் உயிர். 'சார்பட்டா பரம்பரை' பார்த்த நம் எல்லாருக்கும் இது தெரியும். அன்று கைதட்டிய கூட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஓய்வு பெற்ற ஒரு பெரிய மனிதர், உடம்பு சற்றுப் பருத்து, சிரித்துக்கொண்டே விளையாட்டாகக் குத்துகிறார். கதை அங்கே முடிந்திருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அதே ஆண்டு அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். 38 வயதில் லாரி ஹோம்ஸுடன் பட்டத்துக்கான சண்டை. ஒரு காலத்தில் அலியின் பயிற்சித் துணையாக இருந்தவர் ஹோம்ஸ். அலிக்குப் பேசப்பட்ட தொகை 80 லட்சம் டாலர். சண்டைக்கு முன் மேயோ மருத்துவமனையில் பரிசோதனையும் நடந்தது; உரிமமும் கிடைத்தது. பத்துச் சுற்று. அலி திருப்பிக் குத்தியதாகவே சொல்ல முடியாது. நடுவரைப் பார்த்து, நிறுத்துங்கள் என்பது போல ஹோம்ஸ் கெஞ்சும் பார்வை காணொலியில் தெரிகிறது. பத்தாம் சுற்று முடிந்ததும் பயிற்றுநர் ஆஞ்சலோ டண்டி நிறுத்தினார். அப்போதும் அதே மூலையில் இருந்த இன்னொருவர், இன்னும் ஒரு சுற்று என்று அவரிடம் மன்றாடினார்.

"இன்னும் ஒரு சுற்று." இதைப் படித்தபோது எனக்கு மார்ச் மாத சனிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. நான் மட்டும் வேறென்ன செய்தேன்?

அடுத்த ஆண்டு டிசம்பரில் பகாமாஸ் தீவில் டிரெவர் பெர்பிக்குடன் கடைசிச் சண்டை. சுற்று தொடங்க அடிப்பதற்கு முறையான மணிகூட இல்லாமல் மாட்டு மணியைக் கொண்டுவந்து அடித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த ஒரு வீரரின் கடைசி மணியோசை அது. அதிலும் தோல்வி. 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் அறிகுறிகள் இருப்பது வெளியே அறிவிக்கப்பட்டது. குத்துகள்தான் அந்த நோய்க்குக் காரணமா என்பதில் மருத்துவர்கள் இன்றுவரை ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. நானும் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் குத்துச்சண்டைக்காரர்களின் மூளை தேய்வதைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் எழுதியது 1928இல். அலி பிறப்பதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு. தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

கணக்கைப் பாருங்கள். கோலாலம்பூர் வரை 50 சண்டையில் 2 தோல்வி. அதற்குப் பிறகு 11 சண்டையில் 3 தோல்வி. தோல்விகளை விடுங்கள், வென்ற சண்டைகளில் வாங்கிய குத்துகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பயிற்சியில் வாங்கியவை அதைவிட அதிகம். தம்பிக்கு அடிபட்டதும் பயிற்சியில்தான், எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஃபோர்மேன்?" என்றான்.

நியாயமான கேள்வி. கின்ஷாசாவில் அலியிடம் தோற்ற அதே ஜார்ஜ் ஃபோர்மேன், இருபது ஆண்டுகள் கழித்து 1994இல், 45 வயதில் மைக்கல் மூரரை வீழ்த்தி மீண்டும் உலக வெற்றியாளர் ஆனார். "பாக்கியாவ்?" என்றான் அடுத்து. மேனி பாக்கியாவ் 2018 ஜூலையில் நம் புக்கிட் ஜாலிலுக்கு வந்து லூக்காஸ் மத்தீசேயை ஏழாம் சுற்றில் வீழ்த்தியபோது வயது 39. 46 வயதில் மீண்டும் வளையத்துக்குள் வந்து, மாரியோ பாரியோஸுடன் சமன் செய்தார். நிறுத்தியிருக்க வேண்டும் என்று இவர்களைப் பற்றியும் சொன்னார்கள்தானே?

சொன்னார்கள். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஃபோர்மேன் இடையில் பத்தாண்டுகள் ஒரு குத்துகூட வாங்காமல் ஒதுங்கியிருந்தார் என்பதை மட்டும் சொன்னேன். மேலும், பிழைத்து வந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. தென்கொரியாவின் கிம் துக்-கூ என்ற பெயரைத் தம்பி கேள்விப்பட்டதில்லை. 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் பதினான்காம் சுற்றுவரை விடாமல் நின்றார். சில நாள்களில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் பட்டச் சண்டைகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டன. அவரும் கடைசிவரை விடாதவர்தான்.

இதைப் படிக்கும் பெற்றோர் யாராவது "அதற்குத்தான் சொன்னேன், இந்த அடிதடியெல்லாம் வேண்டாம்" என்று மகிழ வேண்டாம். நான் அந்தப் பக்கமும் இல்லை. நம் பையன்கள் கையை மடக்கினாலே "குண்டர் கும்பல்" என்று பார்க்கிற ஊர் இது. என் தம்பி பயிற்சிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் அடுக்குமாடிக்குக் கீழே இரவு பதினொன்று மணிவரை உட்கார்ந்திருப்பதை நிறுத்தினான். காலை ஐந்து மணிக்கு யாரும் எழுப்பாமல் எழுகிறான். சிகரெட் தொடுவதில்லை. தெருவில் ஒருவன் வம்புக்கு இழுத்தால் சிரித்துவிட்டு நகரத் தெரிந்திருக்கிறது. இதையெல்லாம் எங்கள் அறிவுரைகள் செய்யவில்லை, குத்துச்சண்டைதான் செய்தது. 1998 காமன்வெல்த் போட்டியில் சபோக் பிக்கி தங்கம் வென்றபோது நாடே எழுந்து நின்றது. அந்தக் கனவு ஒரு பினாங்குப் பையனுக்கு வரக்கூடாதா?

வரலாம். எனக்கு இருக்கும் கோபம் வேறு இடத்தில். அடிபட்ட பையனைப் பார்த்து, கண் சரியாகத் தெரிகிறதா, தலை வலிக்கிறதா என்று கேட்க அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை. இரண்டு சுற்று கூடுதலாகப் போட்டதற்கு முதுகில் தட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒலிம்பிக் வகைக் குத்துச்சண்டையில் தலையில் அடிபட்டு வீழ்ந்தவர் குறைந்தது 30 நாள் வளையத்துக்குள் போகக்கூடாது என்ற விதி பல ஆண்டுகளாக இருக்கிறது. பயிற்சியில் வீழ்ந்தால்? அதை எழுதி வைப்பவர் யார்? மாதக் கட்டணம் கொடுத்துச் சேர்கிறோம். கையுறை எத்தனை அவுன்ஸ் என்று விசாரிக்கிறோம். தலையில் அடிபட்டால் யார் முடிவெடுப்பார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. என் அப்பா லோரி ஓட்டுநர். புது டயர் வாங்கினால்கூட உத்தரவாதச் சீட்டைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்.

குத்துச்சண்டை, முவாய் தாய், சிலம்பம், காற்பந்து, எதில் நீங்கள் இருந்தாலும், சேர்வதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். கேட்டால் கோழை என்பார்கள் என்று பயமாக இருந்தால் அக்காவையோ அண்ணனையோ கேட்கச் சொல்லுங்கள். பள்ளிகளில் புறப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பான ஆசிரியர்களும், தலையில் அடிபட்ட மாணவர் மருத்துவர் எழுதித் தரும்வரை களத்துக்குத் திரும்பக்கூடாது என்று ஒரே ஒரு வரியை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். செலவு ஒரு தாள். தேர்வை முடித்துவிட்டுப் போட்டிக்குப் போ என்று நாங்கள் தம்பியிடம் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். கையில் வேறு வழி உள்ளவனால்தான் "இந்தச் சண்டை வேண்டாம்" என்று சொல்ல முடியும். 80 லட்சம் டாலர் வைத்திருந்த அலியாலேயே சொல்ல முடியவில்லை என்கிறான் தம்பி. அதுவும் சரிதான்.

அம்மாவிடம் சொல்லாமல் விட்டதற்காக நான் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. அவன் சொல்லாதே என்றதைத்தானே நான் செய்தேன், அதற்கு ஏன் மன்னிப்பு என்று பார்த்தான். இனிமேல் நீ கேட்டாலும் மறைக்கமாட்டேன் என்றேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

மருத்துவர் அனுமதி கொடுத்த பிறகு ஜூனில் வேறொரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தான். நானும் அப்பாவும் கூடவே போனோம். கேட்க வேண்டியதைக் கேட்டோம். அங்கிருந்த பெரியவர் சிரிக்காமல் பதில் சொன்னார். தலையில் பலமாக அடிபட்டவர்களின் பெயரையும் தேதியையும் எழுதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பிறகு தம்பியிடம் ஒரு பாரத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். "அவசரத் தொடர்பு" என்ற இடத்துக்கு வந்ததும் தம்பி கொஞ்சம் யோசித்தான். பழைய கூடத்தில் அந்த இடத்தில் தன்னுடைய கைப்பேசி எண்ணையே எழுதியிருந்தானாம். மயங்கி விழுந்தால் அவனையே கூப்பிட்டுத் தகவல் சொல்லியிருப்பார்கள்!

இம்முறை என் எண்ணை எழுதினான். கேட்காமலே எழுதினான். ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதியிருந்தான், நான் திருத்தினேன்.